பக்கம் புரளும் சத்தம்

அன்புள்ள ஐயா,

ஓர் அலுவலகத்தில் ஒன்பது வருடமாகக் கணக்குச் சரிபார்க்கிறேன். கெடு தாண்டி எதையும் கொடுத்ததில்லை. ஆனாலும் எனக்கு 'ஸ்லோ' என்று பெயர். பக்கத்து மேசைக்காரர் மெயில் வந்த நிமிஷமே பதில் போடுவார், மதியத்துக்குள் எல்லாவற்றையும் முடித்துவிடுவார். அதில் உள்ள பிழைகளைச் சத்தமில்லாமல் திருத்துவது நான், பாராட்டு அவருக்கு. நான் வேகத்தைக் கூட்ட வேண்டுமா, இல்லை இப்படியே இருந்துவிடலாமா?

க.

அன்புள்ள க.,

எழுத வருவதற்கு முன் நான் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவன். வரிக்கு அடியில் ஸ்கேலை வைத்து, மூலப்பிரதியோடு ஒப்பிட்டு, ஒரு வரி கீழே இறக்கி, மறுபடியும் ஒப்பிட்டு, நாள் முழுக்க இதுதான். எதிரே இருந்தவர் தாள்களைச் சரக் சரக்கென்று புரட்டுவார். மேலாளரின் அறைக்கதவு எப்போதும் திறந்திருக்கும், அவர் காதில் விழுந்ததெல்லாம் அந்தச் சத்தம்தான். ஸ்கேல் நகர்ந்தால் சத்தம் வராது. யார் எத்தனை பிழை விட்டார்கள் என்று ஒருவரும் எண்ணவில்லை. பல வருடம் எனக்கு அது ஆறவே இல்லை.

ஒவ்வொரு வேலையிடத்திலும் 'இவ்வளவு செய்தால் போதும்' என்று யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஓர் அளவு இருக்கிறது. 1931 நவம்பரிலிருந்து 1932 மே வரை, அமெரிக்காவில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் தொழிற்சாலையில், தொலைபேசி இணைப்பகக் கருவிகளுக்கு ஒயர் இணைக்கும் பிரிவில் இருந்த 14 பேரைத் தனி அறையில் உட்காரவைத்துக் கவனித்தார்கள். எல்லோருமாக அதிகம் செய்தால் கூலி கூடும், ஆனாலும் அவர்கள் தங்களுக்குள் ஓர் அளவு வைத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார்கள். அதைத் தாண்டியவருக்கு 'ரேட் பஸ்டர்' (அளவை உடைப்பவர்) என்று பட்டம், புஜத்தில் ஒரு குத்தும் விழும்; குறைவாகச் செய்தவர் மற்றவர்களை ஏய்ப்பவர். என்னை உலுக்கியது வேறொன்று. அவர்களுக்குப் புத்திக்கூர்மைத் தேர்வும் கைத்திறன் தேர்வும் வைத்துப் பார்த்தார்கள், செய்த வேலைக்கும் அந்த மதிப்பெண்ணுக்கும் பொருத்தமே இல்லை; அறையிலேயே மிகக் குறைவாகச் செய்தவர்தான் புத்திக்கூர்மையில் முதலிடம். உங்களை 'ஸ்லோ' என்பவர்கள் சொல்வதும் உங்கள் மூளையைப் பற்றி அல்ல. அவர்கள் கூட்டத்தின் நடைக்கு உங்கள் நடை ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

சரி, என்ன செய்வது? முதலில் உங்கள் பங்கைப் பாருங்கள். பிழை இருக்காது என்று நன்றாகத் தெரிந்த பக்கத்தை, யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் நான் மூன்றாவது தடவையும் பார்ப்பேன். உங்களிடமும் அந்த மூன்றாவது தடவை இருந்தால் அதை விட்டுவிடுங்கள். முதல் இரண்டையும் யார் சொன்னாலும் விடாதீர்கள்.

அப்புறம், 'நாலு மணிக்குத் தருகிறேன்' என்று காலையிலேயே சொல்லிவிடுங்கள். எப்போது வரும் என்று தெரியாமல் காத்திருப்பவருக்குத்தான் ஒரு மணி நேரம் மூன்று மணி நேரமாக நீளும்.

பக்கத்து மேசைக்காரர் மேல் கோபம் வேண்டாம். தன் பிழைகள் அவருக்கே தெரியாது, ஒன்பது வருடமாக அவற்றை மறைத்துவைத்திருப்பது நீங்கள். அடுத்த முறை ஒன்று கண்ணில் பட்டால் தாளை எடுத்துக்கொண்டு அவரிடமே போங்கள். 'இந்த வரியைக் கொஞ்சம் பாருங்கள்' என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு, பேனாவையும் அவர் கையிலேயே கொடுங்கள்.