தண்ணீர் கேன் போட பெட்ரோல் வண்டியா, டீசலா?

கேள்வி: ஈரோட்டில் வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுகிறேன். தினமும் 30 கிலோமீட்டர்தான் ஓட்டம். புது டாடா ஏஸ் வாங்கப் போகிறேன். டீசல்தான் லாபம் என்கிறார் மாமா, சரியா?

பதில்: மாமா சொல்வது பழைய கணக்கு. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்த பிறகு பெட்ரோலுக்கும் டீசலுக்கும் பழைய விலை வித்தியாசம் இல்லை, உங்கள் ஓட்டத்துக்கு மிச்சமாவது டீசல் வண்டிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தை ஈடுகட்டவே வருஷக்கணக்காகும். அப்புறம் இன்னொன்று, பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வரும் டீசல் வண்டிகள் பலவற்றில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் இருக்கிறது, தெருத்தெருவாக நின்று நின்று ஓட்டினால் அது சூடேறிக் கரியை எரிக்க நேரமே கிடைக்காமல் அடைத்துக்கொள்ளும். தயங்காமல் பெட்ரோல் எடுங்கள். பாரம் ஏற்றிப் பண்ணாரி, திம்பம் மலைப்பாதையில் அடிக்கடி ஏறுவதாக இருந்தால் மட்டும் டீசலை யோசிக்கலாம்.