பூச்சி பிடிக்கிறவளுக்கு யார் வேலை கொடுப்பார்கள்?

தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். கணவரின் வேலைக்காகப் போய் அங்கேயே தங்கிவிட்ட குடும்பம். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. மதுரையிலிருந்து பெரியப்பா வாரம் தவறாமல் போன் செய்து, என்.ஆர்.ஐ. கோட்டாவில் எம்.பி.பி.எஸ். சேர்த்துவிடலாம் என்கிறார். மகளோ சனிக்கிழமையானால் பள்ளித் தோழிகளோடு வலையைத் தூக்கிக்கொண்டு ஓடையில் இறங்கிவிடுகிறாள். "பூச்சி பிடிக்கிறவளுக்கு யார் சார் வேலை கொடுப்பார்கள்?" என்று கேட்கிறார்.

கவலை புரிகிறதம்மா. ஆனால் பெரியப்பா சொல்வது சரியில்லை. அந்தக் கோட்டாவில் கட்டணம் மட்டும் வருடத்துக்கு 20 லட்சத்துக்கு மேல் போகும். மதுரை வீட்டை அடமானம் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வைக்காதீர்கள். ஊசியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள் என்று நீங்களே எழுதியிருக்கும்போது, யாருக்காக அந்தக் கடன்?

சரி, அவள் பிடிக்கிற பூச்சிக்கு வருவோம். ஓடையின் கல்லைக் கிளறி, வலையில் விழுவதை வெள்ளைத் தட்டில் கொட்டி அங்கேயே அடையாளம் காண்பது தென்னாப்பிரிக்காவில் ஒரு முறையான அறிவியல். சாஸ் என்று பெயர். பள்ளிப் பிள்ளைகள் செய்வது அதன் எளிய வடிவமான மினி சாஸ். முழு சாஸ் முறையில் ஒவ்வொரு உயிரினக் குடும்பத்துக்கும் 1 முதல் 15 வரை மதிப்பெண் உண்டு. சாக்கடையிலும் பிழைக்கும் புழுவுக்கு 1. சுத்தமான, ஓடுகிற நீரில் மட்டுமே வாழும் ஸ்டோன்ஃப்ளை என்ற பூச்சி வகை ஒன்றுக்கு 12. கூட்டிச் சராசரி எடுத்தால் ஆற்றின் நிலை தெரிந்துவிடும். ஆய்வகச் சோதனை, பாட்டிலில் மொண்ட அந்த நேரத்து நீரைத்தான் சொல்லும். பூச்சியோ மாதக்கணக்கில் அங்கேயே கிடப்பது. போன வாரம் இரவோடு இரவாக யாராவது கழிவைத் திறந்துவிட்டிருந்தாலும் அது காட்டிக்கொடுத்துவிடும்.

உங்கள் ஊர் ம்சுண்டுசி ஆற்றையே பாருங்கள். 1951 முதல் அங்கிருந்து டர்பன் வரை துடுப்புப் படகுப் போட்டி நடக்கிறது. கழிவுநீர் கலந்த ஆற்றில் வயிற்றுப்போக்கு வாங்கிக்கொண்டு வருகிற வீரர்கள் அதற்கு 'டூசி கட்ஸ்' (டூசி என்பது ஆற்றின் செல்லப்பெயர், கட்ஸ் என்றால் குடல்) என்று பெயரே வைத்துவிட்டார்கள்!

வேலை எங்கே என்கிறீர்களா? 1998ஆம் ஆண்டின் தேசிய நீர்ச் சட்டத்தில் இருக்கிறது. மக்களின் அடிப்படைத் தேவைக்கும் ஆறு உயிரோடிருக்கவும் வேண்டிய நீரை முதலில் ஒதுக்கிவைக்க வேண்டும், மிச்சத்தில்தான் சுரங்கத்துக்கும் பண்ணைக்கும் உரிமம் என்கிறது அந்தச் சட்டம். ஆற்றுக்கு எவ்வளவு என்று கணக்குச் சொல்ல ஆள் வேண்டுமே! நீர்வளத் துறை, நீர் வாரியங்கள், சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் ஆற்று நீரையும் அதன் உயிர்களையும் பற்றிப் படித்தவர்கள் தேவை. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து ஓடை நீரையெல்லாம் உறிஞ்சும் வாட்டில் மரத்தை (நம் நீலகிரியில் சீகை மரம் என்கிறோமே, அதே இனம்தான்) வெட்டுவதையே ஏழைகளுக்கு வேலைத் திட்டமாக்கி 1995இல் தொடங்கிய நாடு அது.

படிப்புக்கு ஊர் தாண்டவும் வேண்டாம். உங்கள் ஊரிலேயே குவாசுலு-நடால் பல்கலைக்கழக வளாகத்தில் நீர்வள ஆராய்ச்சி மையம் இருக்கிறது. நீரியல் படிக்கலாம், கூடவே உயிரியலையும் விடாமல் எடுக்கச் சொல்லுங்கள். மூன்று வருட பி.எஸ்சி., அப்புறம் ஒரு வருட ஹானர்ஸ். அந்த நாலாவது வருடத்தை விட்டுவிடாதீர்கள். ஹானர்ஸும் மூன்று வருட அனுபவமும் இருந்தால்தான் தொழில்முறை விஞ்ஞானியாகப் பதிவு கிடைக்கும்.

ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். உங்களுக்கு அங்கே நிரந்தர வதிவிட உரிமை இருக்கிறதா என்று கடிதத்தில் இல்லை. கட்டணம், உதவித்தொகை, அரசு வேலை எல்லாம் அதைப் பொறுத்தது. விண்ணப்பிக்கும் முன் பல்கலைக்கழகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வருகிற சனிக்கிழமை நீங்களும் ஓடைக்குப் போய் அவள் தட்டை எட்டிப் பாருங்கள். போகும்போது முழங்கால் வரை வருகிற ரப்பர் பூட்ஸ் ஒன்று வாங்கிப் போங்கள். நடால் ஓடைகளில் நத்தை வழியாகப் பரவும் பில்ஹார்சியா என்ற ஒட்டுண்ணி நோய் உண்டு. வெறுங்காலோடு இறங்க விடாதீர்கள்.