பீரோவுக்குள் உரியும் பைகள்

அன்புள்ள அக்கா,

சென்னையிலேயே பெரிய வீட்டிலிருந்து இரண்டு அறை வீட்டுக்கு மாறப்போகிறோம். துணிமணியைக் குறைத்துவிட்டேன். கைப்பைகளில் வந்து மாட்டிக்கொண்டேன். எண்ணினால் 34 இருக்கின்றன, கருப்பு மட்டும் 6. அலுவலகத்துக்குக் கொண்டுபோவது ஒன்றே ஒன்று. ஒரு வருடம் தொடாததைத் தூக்கிப்போடு என்று வீடியோக்களில் சொல்கிறார்கள், மனம் வரவில்லை. பாதிக்கு மேல் விசேஷத்துக்கு என்று வாங்கி, கவர்கூடப் பிரிக்காமல் பத்திரமாக வைத்தவை. எத்தனை வைத்துக்கொள்ளலாம், எந்தெந்த நிறம்? லேசாக உரிந்தவற்றை வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குக் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். மறைந்த என் அம்மாவின் பழுப்புத் தோல் பை பரணில் வெள்ளை பூத்துக் கிடந்தது. தேங்காய் எண்ணெய் தடவி வெயிலில் வைத்தேன். சரிதானே?

வி., சென்னை

அன்புள்ள வி.,

முதலில் அந்தப் பையை வெயிலிலிருந்து எடுத்து உள்ளே வையுங்கள். எண்ணெயும் போதும். மற்றதைக் கடைசியில் சொல்கிறேன்.

எத்தனை என்று என்னைக் கேட்காதீர்கள். ஒரு வாரம் நீங்கள் தூக்கிப்போகும் சாமான்களை மேசையில் பரப்புங்கள்: லேப்டாப்பா, டிபன் டப்பாவா, தண்ணீர் பாட்டிலா, வெறும் போனும் சாவியுமா. அதுதான் கணக்கு. பலருக்கு அலுவலகப் பை, குறுக்கே மாட்டும் சின்னப் பை, விசேஷப் பை, துவைக்கக்கூடிய துணிப்பை என்று நான்கைந்தில் முடிந்துவிடும். கருப்பு ஆறில் உள்ளே வெளிர் நிற லைனிங் இருப்பதை வைத்துக்கொள்ளுங்கள். கருப்பு லைனிங்கில் சாவி தேடியே ஆயுள் போய்விடும். சமையலறைத் தராசில் ஒவ்வொன்றையும் வெறுமையாக நிறுத்துப் பாருங்கள். காலியாகவே ஒரு கிலோவைத் தாண்டினால் அதைத் தினமும் மாட்டப்போவதில்லை, எவ்வளவு அழகாக இருந்தாலும். நிறத்தைப் பற்றி இவ்வளவு போதும்.

மழைக்காலம் முடிந்து எல்லாரும் பீரோ திறக்கும் நேரம் இது. ரெக்ஸின் பைகளைப் பற்றி எழுதவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். கவர்கூடப் பிரிக்காமல் பத்திரமாக வைத்தேன் என்று நீங்களே எழுதி அனுப்பிவிட்டீர்கள். வி., அதற்குப் பேர் பத்திரமா?

கடையில் பியூ (PU) லெதர் என்றும் வீகன் லெதர் என்றும் விற்பதும் இந்த ரெக்ஸின் வகைதான். அதில் பெரும்பகுதி, துணியின்மேல் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கை மெல்லிய படலமாகப் பூசியது. காற்றிலிருக்கும் ஈரம் அந்தப் படலத்துக்குள் போய் அதன் மூலக்கூறுச் சங்கிலியை அறுக்கிறது. அறுபடும்போது உண்டாகும் அமிலம் இன்னும் வேகமாக அறுக்கிறது. சூடு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இதற்கு நீங்கள் பையை மாட்டவேண்டும், உரசவேண்டும் என்ற அவசியமே இல்லை. தொழிற்சாலையில் பூசிய நாளிலிருந்து கடிகாரம் ஓடுகிறது. நம் கடலோர ஊர்களில் மலிவு வகை மூன்று முதல் ஐந்து வருடத்தில் உரிய ஆரம்பித்துவிடும், மாட்டினாலும் சரி, மாட்டாவிட்டாலும் சரி. நீங்கள் வாங்கும்போதே கடை கிடங்கில் ஒரு வருடத்தைக் கழித்திருக்கும்.

பாலித்தீன் கவருக்குள் வைத்தது உதவாது. உள்ளே மாட்டிய ஈரம் வெளியே போக வழியில்லை. மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் பரண் வீட்டிலேயே சூடான இடம், அங்கே வைத்தது இன்னும் மோசம். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டிருக்கிறேன் என்பீர்கள். காற்றுப் புகாத டப்பாவில்தான் அது வேலை செய்யும். கதவு இடுக்கு உள்ள பீரோவில் அந்தச் சின்னப் பொட்டலம் சில நாளில் ஈரம் குடித்து நிறைந்துவிடும். பிறகு அது வெறும் மணல்தான். பாச்சை உருண்டை வேண்டவே வேண்டாம். நெடி ஒட்டிக்கொள்ளும், பிளாஸ்டிக் பாகங்களையும் அது இளக்கும்.

அதனால் ரெக்ஸின் பையை விசேஷத்துக்கு என்று ஒதுக்காதீர்கள். அதைத்தான் முதலில் மாட்டித் தேய்த்துத் தீர்க்கவேண்டும். திங்கட்கிழமை அலுவலகத்துக்கு, மார்க்கெட்டுக்கு, பேங்குக்கு எடுத்துப் போங்கள். காத்திருக்கக்கூடியது தோலும் கெட்டித் துணியும். நீங்கள் தலைகீழாகச் செய்துவிட்டீர்கள்: தோலைப் பரணில் போட்டுவிட்டு ரெக்ஸினைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறீர்கள். ஒரு வருடம் தொடாததைத் தூக்கிப்போடு என்கிற வீடியோ விதியும் இதே காரணத்தால் எனக்கு ஒத்துவராது. பத்து வருடம் தொடாத நல்ல தோல் பையைத் துடைத்து மாட்டலாம். போன தீபாவளிக்கு வாங்கிய ரெக்ஸின் அடுத்த தீபாவளிக்கு அடுத்ததைப் பார்க்குமா என்பது சந்தேகம்.

எப்படிப் பார்ப்பது? பகல் வெளிச்சத்தில் தரையில் பழைய வேட்டியை விரித்து அத்தனையையும் கொட்டுங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று இடம்: கைப்பிடி பையோடு சேரும் இடம், மூடியின் மடிப்பு, அடியின் நான்கு மூலை. கட்டை விரலால் மடக்கி அழுத்துங்கள். மெல்லிய சுருக்கம் விழுந்து மறைந்தால் பிழைத்தது. வெடிப்பு தெரிந்தால், தொட்டால் பிசுபிசுத்தால், விரலில் பொடி ஒட்டினால் முடிந்தது. அப்புறம் உள் ஜேபிகளுக்குள் கைவிடுங்கள். விலை உயர்ந்த தோல் பைகளிலும் உள்ளே பூச்சுத் துணி போட்டிருப்பார்கள், வெளியே பளபளவென்று இருக்க உள்ளே பாகு மாதிரி ஒட்டும். அப்படியானால் பையை எறியவேண்டாம், லைனிங்கை மட்டும் மாற்றலாம். தோலா ரெக்ஸினா என்ற சந்தேகத்துக்கு வெட்டு விளிம்பைப் பாருங்கள். தோலில் நார் நாராகத் தெரியும், ரெக்ஸினில் நெய்த துணியோ பின்னல் துணியோ தெரியும். தோல் துணுக்குகளை அரைத்துப் பசையில் ஒட்டி, மேலே படலம் பூசிய பாண்டட் லெதரும் உண்டு. அதுவும் உரியும் சாதிதான். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் வேலையெல்லாம் வீட்டில் வேண்டாம்.

உரிய ஆரம்பித்ததற்கு வைத்தியம் கிடையாது. ஷூ பாலிஷ், ஃபேப்ரிக் பெயிண்ட், பெவிகால் எதைப் பூசினாலும் அடியில் உள்ள படலம் துணியை விட்டுக் கழன்றுகொண்டே இருக்கிறது, பூசியதும் அதோடு சேர்ந்து விழும்.

அதைத்தான் வேலைக்கு வரும் அக்காவுக்குக் கொடுக்கப் பார்க்கிறீர்கள். நீங்கள் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை, தெரிகிறது. ஆனாலும் கோபம் வருகிறது. ஒரு மாதத்தில் அவருடைய சேலையில் கருப்புச் செதிலாக உதிரப்போகிற பையைக் கொடுப்பது குப்பையை அவர் வீட்டு வாசலுக்கு மாற்றுவது. வேண்டாம் என்று உங்கள் முகத்துக்கு நேரே சொல்லவும் அவரால் முடியாது. கொடுப்பதென்றால் நீங்களே நாளைக்கு மாட்டிப்போகத் தயங்காத ஒன்றைத் துடைத்து, ஜிப்பை மூன்று தடவை இழுத்துப் பார்த்து, ஜேபியில் பழைய மாத்திரை, ரசீது, ஆதார் நகல் இருக்கிறதா என்று துழாவிவிட்டு, வேண்டுமா என்று கேட்டுக் கொடுங்கள். ஜிப் பல்லெல்லாம் ஒழுங்காக இருந்தும் மூடியபின் பிளந்துகொண்டால் போனது பெரும்பாலும் ரன்னர்தான், அதாவது இழுத்து மூடும் பாகம். அதை மட்டும் மாற்றித் தருவார்கள்.

உரிந்தவற்றிலிருந்து வளையம், கொக்கி, சங்கிலி, நல்ல வார் இவற்றைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு மிச்சத்தை உலர் குப்பையில் சேர்த்துவிடுங்கள். போகிக்கு எரிக்காதீர்கள். ரெக்ஸினில் பிவிசி வகையும் உண்டு. எரித்தால் அதிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு வரும். அது கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும்.

இனி அம்மாவின் பை. அதைப் பற்றி எழுதும்போது உங்கள் வரி குட்டையாகிவிட்டது, கவனித்தேன். பயப்படவேண்டாம், தோல் அவ்வளவு சீக்கிரம் கைவிடாது. தேங்காய் எண்ணெய் தோலுக்குள் இறங்கித் திட்டுத் திட்டாகக் கருக்கும், நாள்பட்டால் சிக்கு வாடை வரும். மேலே தங்கியிருப்பதை உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். வெள்ளை மிச்சம் இருந்தால் அது பூஞ்சையா, தோலுக்குள்ளிருந்து வெளியே வந்த கொழுப்பா என்று பாருங்கள். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், ஒரு முழம் தள்ளிப் பிடித்துக் காட்டுங்கள். உருகி மறைந்தால் கொழுப்பு, துணியால் துடைத்தால் போதும். மறையாமல் பஞ்சு பஞ்சாக நின்று மக்கல் வாடை அடித்தால் பூஞ்சை. பையை பால்கனியில் வைத்து, மூக்கை மூடிக்கொண்டு, மென்மையான பிரஷ்ஷால் பூஞ்சையைத் தட்டி எடுங்கள். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியை நனைத்து ஒட்டப் பிழிந்து, முதலில் உள்பக்க மூலையில் சாயம் வருகிறதா என்று சோதித்துவிட்டுத் துடைக்கலாம். நிழலில், மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் காயவேண்டும். வெயில் தோலை விறைக்கவைத்து வெடிக்கவிடும்.

காய்ந்தபின் பழைய பருத்தித் துணியைச் சுருட்டி உள்ளே அடையுங்கள், திணிக்கவேண்டாம். செய்தித்தாள் மை லைனிங்கில் ஏறும். தலையணை உறை ஒன்றில் போட்டு, நிற்கிற மாதிரி வையுங்கள். கைப்பிடியில் தொங்கவிட்டால் நாளடைவில் இழுபடும். அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து ஒரு நாள் காற்றாட விடுங்கள். உலோக ஜிப் இறுகியிருந்தால் பல்லில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து மெல்ல இழுங்கள். பித்தளைக் கொக்கியின் ஓரத்தில் பச்சை கட்டியிருந்தால் பல்குச்சியால் சுரண்டுங்கள், வினிகர் தோலில் படக்கூடாது. தையல் விட்டிருந்தால் பை ரிப்பேர் பார்ப்பவரிடம் பழைய ஊசித் துளைகளிலேயே கையால் தைக்கச் சொல்லுங்கள். மிஷினில் கொடுத்து அதே விளிம்பில் புதுத் துளை விழுந்தால் அந்த வரிசையோடு தோல் கிழிந்துவிடும்.