சீப்பும் கத்தரியும்: வாசகியர் கேள்வி பதில்

பாட்டி காலத்து ‘சாதனா கட்’ ஆசைப்பட்டு வெட்டிக்கொண்டேன். ஈரமாக இருந்தபோது புருவத்தைத் தொட்ட முடி, காய்ந்ததும் பாதி நெற்றிக்கு ஏறிவிட்டது. ஏன்?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

ஈரத்தில் வெட்டியதுதான் காரணம். நனைந்த முடி இழுத்தால் நீளும், காய்ந்ததும் சுருங்கும். நேர்முடியே கொஞ்சம் ஏறும் என்றால், அலைமுடி 2 சென்டிமீட்டருக்கு மேலும் ஏறிவிடும். சீப்பால் இறுக்கிப் பிடித்து வெட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

1960-இல் வந்த ‘லவ் இன் சிம்லா’ இந்திப் படத்தில் நாயகி சாதனாவின் அகன்ற நெற்றியை மறைக்க வழி தேடிய இயக்குநர் ஆர்.கே. நய்யார், ஹாலிவுட் நடிகை ஆட்ரி ஹெப்பர்னின் நெற்றி முடியை மாதிரியாகக் கொண்டார். நெற்றியைக் குறைத்துக் காட்டப் பிறந்த வெட்டு இது. ஏற்கெனவே குறுகலான நெற்றி உள்ளவர்கள் இதைத் தவிர்ப்பதே நல்லது.

அடுத்த முறை, அலசி முழுதாகக் காய்ந்த முடியில் வெட்டச் சொல்லுங்கள். முன்நெற்றி முடிக்கோட்டிலிருந்து 4 சென்டிமீட்டர் பின்னால் ஒரு புள்ளி. அங்கிருந்து இரு புருவங்களின் வெளி முனைகளை நோக்கி இரண்டு கோடுகள். அந்த முக்கோணத்துக்குள் வரும் முடி மட்டுமே ஃப்ரிஞ்ச், அதாவது நெற்றியில் விழும் முடி. காதோர முடியையும் சேர்த்து இழுத்தால் முகம் அகலமாகிவிடும். முதல் வெட்டு மூக்கின் நடுப்பகுதி வரை இருக்கட்டும். பிறகு முடியை இழுக்காமல் தொங்கவிட்டு, கத்தரியைச் செங்குத்தாகப் பிடித்து, நுனியை மட்டும் கொத்திக் கொத்திப் புருவம் வரை ஏற்ற வேண்டும். கத்தரியைப் படுக்கையாக வைத்து ஒரே வெட்டாக வெட்டினால் கோடு போட்டதுபோல் நிற்கும்.

நெற்றியில் சுழி இருந்தால் முடி அந்த இடத்தில் பிளந்துகொள்ளும். தலைக்குக் குளித்தவுடன், வேறெந்த வேலைக்கும் முன், அந்த முடியை இடமும் வலமுமாகச் சீவிக்கொண்டே டிரையரால் உலர்த்துங்கள். தானாகக் காய்ந்தபின் என்ன செய்தாலும் படியாது.

தலை வகிடு வரை எண்ணெய் வைப்பவர்களுக்கு ஃப்ரிஞ்ச் மதியத்துக்குள் கற்றை கற்றையாக ஒட்டிக்கொள்ளும். முழுத் தலைக்கும் குளிக்க முடியாத நாளில் ஃப்ரிஞ்சை மட்டும் வாஷ்பேசினில் அலசிக்கொள்ளலாம். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஆகவே இப்போது ஏறிநிற்பது புருவத்துக்கு இறங்க இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். இந்த வெட்டே வேண்டாம் என்று தாடை வரை வளர்க்க நினைத்தால் ஏறக்குறைய ஒரு வருடம்.

பாதி முகத்தை மறைக்கும் முடியை மாற்றிக்கொள்ளச் சொல்லி அமெரிக்க அரசே ஒரு நடிகையைக் கேட்டுக்கொண்டதாமே?
– வாசகி, காரைக்குடி

உண்மைதான். அந்த நடிகை வெரோனிகா லேக். 1941-இல் அவர் ஒரு கண்ணை மறைத்துத் தொங்கவிட்ட முடி நாடெங்கும் பரவியது. போர்க்கால ஆலைகளில் பெண்கள் வேலைக்கு வந்தபோது, தொங்கும் முடி இயந்திரத்தில் சிக்கும் அபாயம் எழுந்தது. அதனால் அவர் முடியை மேலே தூக்கிக் கட்டிக்காட்டினார். அபாயம் இன்றும் அதேதான். தையல் மெஷின், கிரைண்டர் பக்கம் போகும்போது சடையைப் பின்னி முதுகில் விட்டால் போதாது. சுற்றிக் கொண்டையாகக் குத்திவிடுங்கள்.

தங்கையின் வரவேற்புக்கு 60-களின் உயரக் கொண்டை போட ஆசை. எப்போது முயன்றாலும் ஒரு மணி நேரத்தில் சரிந்துவிடுகிறது. பிரிக்கும்போது முடி கொத்தாக வருகிறது.
– இல்லத்தரசி, மதுரை

நீங்கள் சொல்வது ‘பீஹைவ்’. அழகுக்கலை இதழ் ஒன்று புதிதாக ஒரு சிகை வேண்டும் என்று கேட்க, சிகாகோவின் சிகைக் கலைஞர் மார்கரெட் வின்சி ஹெல்ட் 1960-இல் உருவாக்கியது. தன்னிடமிருந்த சிறிய வெல்வெட் தொப்பியின் வடிவத்தைத்தான் முடியில் கொண்டுவந்தார்.

சரிவதற்கு முதல் காரணம் பெரும்பாலும் கண்டிஷனர். அன்று காலை குளித்து, கண்டிஷனர் போட்டு, வழுக்கும் முடியில் எதுவும் நிற்காது. முந்தின நாளே ஷாம்பு மட்டும் போட்டு அலசி, எண்ணெய் இல்லாமல் விடுங்கள்.

இரண்டாவது காரணம், தடித்த கற்றைகள். முன்நெற்றியில் 4 சென்டிமீட்டர் முடியைத் தனியாகக் கிளிப் போட்டு ஒதுக்குங்கள். கடைசியில் மேலே போர்த்த அது வேண்டும். உச்சந்தலை முடியை 2 சென்டிமீட்டர் தடிமனுள்ள கற்றைகளாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றையும் நேர் மேலே தூக்கிப் பிடித்து, வேர்ப்பக்கம் லேசாக ஹேர் ஸ்ப்ரே அடித்து, வேரிலிருந்து ஒரு சாண் உயரத்தில் சீப்பை வைத்துக் கீழ்நோக்கித் தள்ளுங்கள். சீப்பை வெளியே எடுத்து மறுபடி மேலே வைத்துத் தள்ள வேண்டும். மூன்று நான்கு தடவை போதும். பலர் சீப்பை எடுக்காமலே மேலும் கீழும் அறுப்பார்கள். முடி உடைவது அங்கேதான். முடியின் மேற்புறச் செதில்கள் வேரிலிருந்து நுனி நோக்கிப் படிந்தவை. எதிர்த்திசையில் சீவும்போது அவை நிமிர்ந்து ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்வதால்தான் கொண்டை நிற்கிறது. அளவு மீறினால் அதே செதில்கள் பிய்ந்துபோகும்.

எல்லாக் கற்றையும் முடிந்ததும், ஒதுக்கிய முன்முடியை மேலே போர்த்தி, மேற்பரப்பை மட்டும் மென்மையான பிரஷால் தடவுங்கள். பின்தலையில் பின்களை ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகக் குத்துங்கள். தனி பின் நழுவும். ஸ்ப்ரேயை ஓர் அடி தள்ளிப் பிடித்து அடியுங்கள். கிட்டே பிடித்தால் ஈரமாகி, கனம் தாங்காமல் கொண்டை அமுங்கும். மல்லிகைச் சரத்தை உச்சியில் வைக்காமல் கொண்டையின் அடியில் சுற்றுங்கள். முழம் கூடக்கூட அதுவும் கனம்தான்.

பிரிக்கும்போது உலர்ந்த முடியிலேயே கை நிறையக் கண்டிஷனர் தடவிப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மெல்ல மேலேறுங்கள். அலசுவது அதற்குப் பிறகு. சிக்கோடு தண்ணீர் ஊற்றினால் இறுகிவிடும்.

ஸ்ட்ரெய்ட்டனிங் செய்த முடியில் கழுத்தளவு ‘பாப்’ வெட்டலாமா?
– ஐ.டி. ஊழியர், கோவை

வெட்டலாம், செலவுக்குத் தயாராக இருந்தால். 1963-இல் லண்டனில் சிகைக் கலைஞர் விடல் சசூன், நடிகை நான்சி க்வானின் நீள முடியை வெட்டிய பாப் புகழ்பெற்றது: பிடரியில் குட்டை, தாடையை நோக்கி வரவர நீளம். வடிவம் முழுக்க வெட்டிலேயே இருந்தது. வாராவாரம் ரோலர் சுற்றும் வேலை இல்லை. க்வானுக்கு இயல்பிலேயே அடர்த்தியான நேர்முடி. உங்களுக்கு மூன்று மாதத்தில் வேரில் அலைமுடி எட்டிப்பார்த்துக் கோட்டை உப்ப வைக்கும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை நுனிவெட்டு, வேருக்கு மறுபடி ஸ்ட்ரெய்ட்டனிங் என்று போகும். அதைவிட இயல்பான அலையோடே தோள் தொடும் நீளத்தில் வெட்டிக்கொள்வது நல்லது.

‘ரேச்சல் கட்’ வெட்டிய அன்று அழகு. வீட்டில் குளித்ததும் முக்கோணமாக விரிகிறது.
– ஆசிரியை, சென்னை

‘ஃப்ரெண்ட்ஸ்’ என்ற அமெரிக்க டிவி தொடரில் ரேச்சலாக நடித்த ஜெனிஃபர் அனிஸ்டனுக்கு சிகைக் கலைஞர் கிறிஸ் மெக்மில்லன் வெட்டியது. 90-களின் நடுவில் உலகமே கேட்ட வெட்டு. தானே சீர்செய்துகொள்ள வராது என்று அனிஸ்டனே பின்னாளில் அலுத்துக்கொண்டார் என்பதால் உங்கள் மேல் தப்பில்லை. அது லேயரும் (அடுக்கடுக்கான வெட்டு) ப்ளோ டிரையும் (பிரஷில் சுற்றி டிரையரால் உலர்த்துவது) சேர்ந்த வடிவம். பார்லரில் கிடைத்தது இரண்டும், வீட்டுக்கு வந்தது ஒன்று.

முடியை முக்கால்வாசி காயவிட்டு, உருண்டை பிரஷில் கற்றை கற்றையாகச் சுற்றி, டிரையரின் முனை வேரிலிருந்து நுனி நோக்கி இருக்கும்படி உலர்த்துங்கள். கற்றை சூடு ஆறும்வரை பிரஷை உருவாதீர்கள். காலையில் இதற்கு நேரமில்லை என்றால், அடுத்த வெட்டில் முதல் லேயரைத் தாடைக்குக் கீழே இறக்கச் சொல்லுங்கள். முக்கோணம் பாதி அடங்கிவிடும்.