விழுந்தால் தனியாகத் தூக்க முடியுமா? முதல் ஆஃப்ரோடு வண்டி: வாசகர் கேள்விகள்

அண்ணா, கோவையில் ஐடி வேலை, வயது 29. இதுவரை பல்சர் மட்டும்தான் ஓட்டியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மண் ரோட்டில் ஓட்ட ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 எடுக்கவா, ஹீரோ எக்ஸ்பல்ஸ் எடுக்கவா? எக்ஸ்பல்ஸில் பவர் இல்லை என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள்.

உங்கள் நண்பர்கள் பைபாஸ் ரோட்டை மனதில் வைத்துப் பேசுகிறார்கள். ஹிமாலயன் 450-இல் 40 குதிரைத்திறன், எக்ஸ்பல்ஸ் 200 4வி-யில் 19 சொச்சம். சேலம் வரை போய்வர இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். வாழைத்தோப்பு வண்டிப்பாதையில் இரண்டாம் கியரில் ஊரும்போது அந்த மிச்சக் குதிரைகளுக்கு வேலையே கிடையாது. அங்கே நீங்கள் பார்க்க வேண்டியது எடையை. ஹிமாலயன் 196 கிலோ, எக்ஸ்பல்ஸ் 200 சுமார் 160. பிறகு வந்த எக்ஸ்பல்ஸ் 210 அந்த 200-ஐவிடக் கொஞ்சம் கனம்.

நான் கனமான வண்டியில்தான் ஆரம்பித்தேன். சாத்தான்குளம் பக்கம் ஒரு நண்பரின் பனங்காட்டுக்குள் செம்மண் தேரி மணல். காலை ஏழரை மணி இருக்கும். முன்சக்கரம் மணலில் புதைந்து ஹேண்டில் மடிந்தது, வண்டி இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டது. தூக்கினேன், நழுவியது. மறுபடி தூக்கினேன், மறுபடி நழுவியது. நாலாவது முறை கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. பதநீர் இறக்க வந்த பனையேறி அருவாப்பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் பின்பக்கம் பிடித்துத் தூக்கிவிட்டார். அதன் பிறகு அன்று நான் ஓட்டவில்லை, தள்ளிக்கொண்டுதான் வந்தேன். முதல் வருஷம் எல்லாரும் விழுவோம், ஒரே நாளில் ஐந்தாறு தடவைகூட. ஒவ்வொரு தடவையும் தூக்கித் தூக்கியே தெம்பு போய்விட்டால் கற்றுக்கொள்ள என்ன மிச்சம் இருக்கும்?

அதனால் ஷோரூமில் எக்ஸாஸ்ட் சத்தத்தைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். அந்த மாடல் வைத்திருக்கும் யாரையாவது பிடித்து, மண்தரையில் வண்டியைப் படுக்கவைக்கச் சொல்லி, நீங்கள் தனியாகத் தூக்கிப் பாருங்கள். இடப்பக்கம் விழுந்த வண்டி என்றால் ஹேண்டிலை இடப்பக்கமே முழுசாக மடித்து, முதல் கியரில் போட்டுவிட்டு, வண்டிக்கு முதுகைக் காட்டி சீட்டின் மேல் இடுப்பைச் சாய்த்து உட்காருவதுபோல் இறங்குங்கள். ஒரு கை கீழே இருக்கும் ஹேண்டில் பிடியில், மறு கை பின்னால் கேரியரில். முதுகை வளைக்காமல், காலால் உந்திப் பின்னோக்கிச் சிறு சிறு அடியாக நடந்தால் வண்டி எழுந்து வரும். வலப்பக்கம் விழுந்திருந்தால் தூக்கும் முன்பே சைடு ஸ்டாண்டை விரித்து வையுங்கள். இல்லாவிட்டால் தூக்கிய வேகத்தில் மறுபக்கம் போய் விழும். மூன்று தடவை மூச்சு வாங்காமல் தூக்க முடிகிறதா? அந்த வண்டியை வாங்குங்கள். உங்களுக்கு அது ஹிமாலயனாகவே அமைந்தாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை.

உயரம் 5 அடி 4 அங்குலம். எக்ஸ்பல்ஸில் உட்கார்ந்தால் இரண்டு குதிகாலும் தரையில் படவில்லை. சஸ்பென்ஷனை இறக்கிவிடலாம் என்கிறார் மெக்கானிக்.

வேண்டாம். வண்டி குழியையும் கல்லையும் தாண்டுவதே அந்த சஸ்பென்ஷன் மேலும் கீழும் போய்வரும் தூரத்தால்தான். அதை வெட்டிவிட்டால் எக்ஸ்பல்ஸ் வாங்கியதில் அர்த்தமில்லை. 200 4வி-யின் சீட் உயரம் 825 மில்லிமீட்டர். ஒரு காலின் முன்பாதி பதிந்தாலே போதும். நிற்கும்போது சீட்டில் கொஞ்சம் ஒரு பக்கமாக நகர்ந்து, அந்தக் காலை மட்டும் ஊன்றப் பழகுங்கள். எப்போதும் மேட்டுப் பக்கத்துக் காலையே ஊன்ற வேண்டும். பள்ளத்துப் பக்கம் காலை நீட்டினால் தரை கிடைக்காது, வண்டியோடு சேர்ந்து நீங்களும் போவீர்கள்.

அதற்காக எக்ஸ்பல்ஸிலேயே உயரமான ரகமான 4வி ப்ரோ பக்கம் போய்விடாதீர்கள். அதன் சீட் 891. கவாசாகி கேஎல்எக்ஸ் 230 வெறும் 139 கிலோ, ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் சீட் 880. உங்கள் உயரத்துக்கு அதை இரண்டாவது வண்டியாக யோசிக்கலாம்.

வீட்டில் ஸ்பிளெண்டர் இருக்கிறது. மண்ணைப் பிடிக்கிற பட்டன் டயர் போட்டு ஓட்டினால் என்ன சார்?

தாராளமாக ஓட்டுங்கள். 112 கிலோதான், விழுந்தால் சுலபமாக நிமிர்த்திவிடலாம். தோட்டத்துக்கும் வயலுக்கும் நம் ஊரில் காலகாலமாக அதில்தான் போய்வருகிறார்கள், யாரும் அதை ஆஃப்ரோடு என்று சொல்லிக்கொள்வதில்லை. ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்று ஓட்டுவது, கிளட்சை அரைகுறையாகப் பிடித்து ஊர்வது, தளர்ந்த மண்ணில் பின் பிரேக்கை அளவாக மிதிப்பது எல்லாவற்றையும் அதிலேயே கற்கலாம். எங்கிருந்தும் குதிக்க மட்டும் வேண்டாம், முன் போர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் குழாய்கள்) தாங்காது.

2021 மாடல் எக்ஸ்பல்ஸ் ஒன்று செகண்ட் ஹேண்டில் வருகிறது. ஓட்டம் 14,000 கிலோமீட்டர்தான். எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

கிலோமீட்டரை நம்பாதீர்கள். நாற்பதாயிரம் கிலோமீட்டர் தார் ரோட்டில் ஓடிய வண்டியைவிட, எட்டாயிரம் கிலோமீட்டர் பாறையில் குதித்த வண்டி தேய்ந்துபோயிருக்கும்.

முதலில் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். ஃபில்டரின் வெளிப்பக்கம் தூசி இருப்பது சகஜம். எஞ்சினுக்குப் போகும் உள்பக்கத் துவாரத்தில் விரலை விட்டுத் துடையுங்கள். விரலில் செம்மண் ஒட்டினால் எஞ்சின் மண்ணைத் தின்றிருக்கிறது, பேரம் பேசாமல் கிளம்பிவிடுங்கள். அடுத்து ஒரு சின்ன ஸ்பேனரை எடுத்துச் சக்கரக் கம்பிகளான ஸ்போக்ஸை ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். இறுக்கமானது 'கிணிங்' என்று பேசும், தளர்ந்தது 'டொக்' என்னும். ஒன்றிரண்டு டொக் பரவாயில்லை. வரிசையாக டொக் என்றால் ரிம்மும் வளைந்திருக்க வாய்ப்புண்டு, சக்கரத்தைச் சுழற்றிப் பாருங்கள். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, போர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் 'கடக்' என்று இடித்தால் கோன்செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) போயிருக்கிறது. போர்க் குழாயில் எண்ணெய் வளையம் தெரிந்தால் சீல் மாற்ற வேண்டும். இவை இரண்டுமே சின்னச் செலவுதான், விலையில் கழித்துக்கொள்ளலாம்.

எஞ்சின் அடித்தகட்டில் கீறலே இல்லாத எக்ஸ்பல்ஸைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். தகடு புதிதா என்று கேளுங்கள். லோன் வண்டி என்றால் கடன் தீர்ந்தது என்ற பைனான்ஸ் என்ஓசி கையில் வராமல் முழுப்பணம் கொடுக்காதீர்கள்.

டயரில் காற்று எவ்வளவு வைப்பது?

பஞ்சர் கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு 30, 35 பிஎஸ்ஐ என்று அடித்துவிடுவார். மண்ணுக்குள் இறங்கும் முன் இரண்டையும் 20-க்கு இறக்குங்கள். தளர்ந்த மணல் என்றால் 18. டயர் தட்டையாகப் பரந்து பிடிக்கும். ட்யூப் டயர் என்பதால் அதற்கும் கீழே போனால் கல்லில் இடிக்கும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே ட்யூப் நசுங்கி, பாம்பு கொத்தினதுபோல் இரண்டு ஓட்டை விழும். தார் ரோட்டுக்குத் திரும்பியதும் மறுபடி ஏற்ற வேண்டும், எனவே கைப்பம்பும் காற்றை அளக்கும் கேஜும் பையில் இருக்கட்டும்.

வண்டி வாங்கியபின் கையில் பதினைந்தாயிரம்தான் மிச்சம். என்ன பாதுகாப்பு கியர் வாங்குவது?

ஹெல்மெட் ஏற்கெனவே இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். முதலில் கணுக்காலை மூடும் பூட்ஸ், அப்புறம் முழங்கால் கார்டு, கையுறை. ஜாக்கெட் கடைசி. மண்ணில் மெதுவாகத்தான் விழுவீர்கள், ஆனால் 160 கிலோ வண்டி காலின் மேல்தான் படுக்கும். எக்ஸாஸ்டை மாற்ற ஒதுக்கிய காசு இருந்தால் அதையும் பூட்ஸில் போடுங்கள்.

ஓசூர் பக்கம் எங்கே போய் ஓட்டலாம்? காட்டுப் பாதையில் போனால் பிரச்சினை வருமா?

வரும், வரவும் வேண்டும். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது 1882-ஆம் வருஷத் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சரணாலயம் என்றால் 1972-இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். உங்கள் பக்கம் யானை நடமாட்டம் வேறு. கூகுள் மேப்பில் கோடு தெரிகிறது என்பதெல்லாம் அனுமதி ஆகாது.

வறண்ட ஏரி எல்லாருக்கும் தோன்றும் யோசனை. மண் அள்ளிய குழிகள் புல்லில் மறைந்திருக்கும், முதலில் நடந்து பார்த்துவிட்டு இறங்குங்கள். கரை மேல் மட்டும் ஏறாதீர்கள். டயர் கிழித்த தடத்தில்தான் மழைத்தண்ணீர் அரிக்கும், கரை உடைந்தால் போவது ஊர்க்காரர்களின் நெல். பட்டா நிலம் என்றால் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும், பெரும்பாலும் டீயும் கிடைக்கும்.

உங்களுக்கு இன்னொரு வசதி கோலார். 2015-இல் டக்கார் ரேலி என்ற நெடுந்தூரப் பந்தயத்தை முழுவதும் ஓட்டி முடித்த முதல் இந்தியரான சி.எஸ். சந்தோஷ் (அந்த வருஷம் 36-ஆவது இடம்) அமைத்த பயிற்சித் திடல் அங்கே இருக்கிறது. இரண்டு நாள் முறையாகக் கற்றால் இரண்டு வருஷத்துத் தப்பான பழக்கத்திலிருந்து தப்பிக்கலாம்.

பையனுக்கு 17 வயது. தோப்புக்குள் மட்டும் ஓட்டட்டும் என்று வாங்கிக் கொடுக்கலாமா?

தோப்பு உங்களுடையது, வேலி இருக்கிறது, நீங்கள் கூடவே நிற்பீர்கள் என்றால் கற்றுக்கொடுங்கள். சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும். கேட்டைத் தாண்டி ரோட்டில் பிடிபட்டால் 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை சிறையும் பையனுக்கு அல்ல, உங்களுக்கு.

ஓட்டிவிட்டு வந்ததும் வாட்டர் சர்வீஸ் விடுகிறேன், சரிதானே?

அந்தப் பிரஷர் தண்ணீர் சக்கர பேரிங்குக்குள்ளும் செயினுக்குள்ளும் புகுந்து கிரீஸைத் துரத்திவிடும். வீட்டில் ஒரு வாளித் தண்ணீர், பழைய பிரஷ், ஷாம்பு பாக்கெட் போதும். கையால் தேய்த்துக் கழுவும்போதுதான் கழன்ற போல்ட்டும் தளர்ந்த ஸ்போக்கும் விரலில் தட்டுப்படும். காய்ந்ததும் செயினுக்கு லூப் (மசகு எண்ணெய்) அடித்துவிடுங்கள்.