ஊர் சுத்தி எழுதுறது ஒரு வேலையா?

கேள்வி: அக்கா, நான் யாங்கோன்ல ஒரு மளிகைக்கடையில கணக்கு எழுதுறேன், வயசு 22. மலை, காடுன்னு சுத்தி அதை எழுதியே பொழைக்கணும்னு ஆசை, வீட்ல சிரிக்கிறாங்க. வேலைய விட்றலாமா?

பதில்: விடாதே தம்பி, சம்பளம் வரட்டும். பயணக் கட்டுரைய மட்டும் நம்பி அடுப்பு எரிஞ்ச வீடு நான் பார்த்ததில்ல. ஆனா வீட்ல சிரிச்சா, உலகம் சுத்தி பயணக் கட்டுரை எழுதின ஏ.கே.செட்டியார் பேரைச் சொல்லு, நம்ம யாங்கோன்லதான், அப்ப ரங்கூன்னு பேரு, தனவணிகன் பத்திரிகைக்கு ஆசிரியரா இருந்தாரு, அப்புறம் காந்திய பத்தி படம் எடுக்க நாடு நாடா அலைஞ்சு பழைய ஃபிலிம் எல்லாம் தேடிச் சேர்த்து 1940ல வெளியிட்டாரு, 1943ல குமரி மலர்னு சொந்தமா பத்திரிகையும் ஆரம்பிச்சாரு. அதாவது அவருக்கும் கையில பத்திரிகை வேலைன்னு ஒண்ணு இருந்துச்சு, கவனி.

சாகசம்னா மலை உச்சிதான்னு யாரு சொன்னா? இப்ப இருக்கிற நிலமையில ரோடு நல்லாருக்கான்னு கேக்காம மலைப்பக்கம் கெளம்பாதே, உங்கம்மா என்னையதான் திட்டுவாங்க. ஊரைச் சுத்துற சர்குலர் ரயில் இருக்கே, 46 கிலோமீட்டர், லீவு நாள்ல ஏறி உக்காரு. கீரைக்கட்டோட ஏறுற பொம்பளைங்க என்ன பேசுறாங்க, எந்த ஸ்டேஷன்ல எறங்குறாங்க, கட்டு என்ன வெலைன்னு அன்னைக்கே நோட்டுல எழுது, ராத்திரிக்குள்ள பாதி மறந்துரும். "அழகான காட்சி"ன்னு எழுதினா அடிச்சிரு. அத்தோ நூடுல்ஸ் சாப்பிட்டேன்னு எழுதாதே, புளி தூக்கலா இருந்துச்சான்னு எழுது. பர்மாக்காரங்ககிட்ட பேச உனக்கு மொழி இருக்கே, வெளியூர்லருந்து வர்றவனுக்கு அது கெடைக்காது. முதல் கட்டுரைய எனக்கு அனுப்பு, ரெண்டு பக்கம் போதும்.