பயிர்க் காப்பீட்டை ஏன் எதிர்க்கிறார்கள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க விவசாய மானியங்கள் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். விலை விழும்போது அரசு பணம் கொடுப்பதை லிபர்டேரியன்கள், அதாவது சந்தையில் அரசின் தலையீடு மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்பவர்கள், எதிர்ப்பது புரிகிறது. ஆனால் பயிர்க் காப்பீட்டையும் ஏன் அதே பட்டியலில் சேர்க்கிறார்கள்? விவசாயி பிரீமியம் கட்டுகிறார், தனியார் கம்பெனி பாலிசி தருகிறது. இது சந்தைதானே? வானத்தை நம்பிப் பிழைக்கும் சிறு விவசாயியைக் கைவிடுவதற்குப் பெயர்தான் சுதந்திரமா?

ச.

அன்புள்ள ச.,

கம்பெனி தனியார்தான். அதைத் தாண்டி அந்த ஏற்பாட்டில் சந்தை என்று சொல்ல அதிகம் இல்லை. பிரீமியம் எவ்வளவு என்பதை அமெரிக்க விவசாயத் துறை தீர்மானிக்கிறது. கம்பெனிகள் அதைக் குறைத்துப் போட்டி போட முடியாது. அந்தப் பிரீமியத்திலும் சராசரியாக 60 சதவீதத்தை அரசே கட்டுகிறது. ஏஜென்ட் கமிஷன் உட்பட நிர்வாகச் செலவுக்கும் அரசுப் பணம். நஷ்டம் பெரிதானால் மறுகாப்பீட்டின் (காப்பீட்டுக் கம்பெனிக்கே தரப்படும் காப்பீடு) பெயரில் அதன் பெரும்பகுதியும் அரசின் தலையில்.

காப்பீடு எதை ஈடுகட்டுகிறது என்றும் பாருங்கள். அங்கே அதிகம் விற்பது விளைச்சல் காப்பீடு அல்ல, விளைச்சலையும் விலையையும் சேர்த்துக் கணக்கிடும் வருமானக் காப்பீடு. 2012இல் பெரும் வறட்சி. விதைப்புக்கு முன் மக்காச்சோளத்துக்கு ஒரு புஷெலுக்கு (சுமார் 25 கிலோ) 5.68 டாலர் என்று கணக்கு வைத்திருந்தார்கள். விளைச்சல் குறைந்ததால் அறுவடைக் காலத்தில் விலை 7.50க்கு ஏறியது. பெரும்பாலான பாலிசிகளில் உத்தரவாதமும் அந்த உயர்ந்த விலைக்கே ஏறிக்கொண்டது. அந்த ஆண்டு மொத்த இழப்பீடு சுமார் 1,700 கோடி டாலர். இதில் கணிசமான பங்கு வரி கட்டுகிறவர்களுடைய பணம். லிபர்டேரியன்கள் கோபப்படுவது இதற்காகத்தான். அந்தக் கோபத்தில் எனக்கும் பங்குண்டு.

சரி, அரசு முழுவதுமாக விலகிக்கொண்டால் தனியார் வந்துவிடுவார்களா? இந்த இடத்தில் லிபர்டேரியன்கள் கொஞ்சம் அவசரப்படுகிறார்கள்.

ஆலங்கட்டி மழைக்கான காப்பீடு அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே தனியார் வியாபாரம். இன்றும் பிரீமியம் மானியம் இல்லாமல் விற்கிறது. ஆலங்கட்டி ஒரு வயலை அடித்துவிட்டு அடுத்த வயலை விட்டுவிடும். பல பேரிடம் வாங்கிச் சில பேருக்குக் கொடுக்கலாம். வறட்சி அப்படியில்லை. நான்கைந்து மாநிலங்களில் ஒரே கோடையில் எல்லோரும் இழப்பீடு கேட்டு வந்து நிற்பார்கள். 1917இல் டகோட்டா, மான்டானா பக்கம் சில தனியார் கம்பெனிகள் எல்லா ஆபத்துக்கும் சேர்த்துப் பாலிசி விற்றன. வறட்சி வந்தது, கம்பெனிகள் தாங்கவில்லை. 1938இல் அரசே இதற்கு ஒரு நிறுவனம் தொடங்கியது. அதுவும் நஷ்டத்தில் ஓடி, 1943இல் நாடாளுமன்றம் சில காலம் அதை நிறுத்தியே வைத்தது. 1980க்குப் பிறகு மானியத்தை ஏற்ற ஏற்றத்தான் விவசாயிகள் பெரிய அளவில் சேர்ந்தார்கள்.

இதற்கு லிபர்டேரியன்களிடம் ஒரு பதில் இருக்கிறது, நல்ல பதில்தான். 1917இல் ஒரு சின்ன கம்பெனியால் தாங்க முடியாததை இன்றைய உலக மறுகாப்பீட்டுச் சந்தை தாங்கும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்து வறட்சிக்கும் ஜப்பானின் நிலநடுக்கத்துக்கும் சம்பந்தமில்லை, இரண்டையும் ஒரே கூடையில் வைக்கலாம். நான் இதைப் பெரும்பாலும் ஏற்கிறேன். ஏற்க முடியாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. அரசு மறுகாப்பீட்டை மட்டும், அதற்குரிய முழு விலைக்கு விற்கலாம். வறட்சியின் சிக்கல் அதிகபட்சம் அதைத்தான் நியாயப்படுத்தும். பிரீமியத்தில் 60 சதவீதத்தைக் கட்டுவதை எந்த வறட்சியும் நியாயப்படுத்தாது.

லிபர்டேரியன்களுக்குள்ளேயே சண்டை நடப்பது வேறொரு இடத்தில். மானியங்களை ஒரே அடியாக நிறுத்துவதா, படிப்படியாகவா? அமெரிக்காவின் 1996 விவசாயச் சட்டம் படிப்படி வழி. ஏழு ஆண்டுகளுக்குப் பணம், போகப் போகக் குறையும், அப்புறம் விவசாயி தன் பாட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது எண்ணம். 1998இல் விலை விழுந்தவுடன் நாடாளுமன்றம் அவசர உதவி என்று கூடுதலாக அள்ளிக் கொடுத்தது. 2002இல் விலையோடு பிணைந்த மானியம் சட்டத்துக்குள்ளேயே திரும்பிவிட்டது.

இதைப் பார்த்துச் சலித்தவர்கள், 'காப்பீடாவது இருக்கட்டும், இல்லாவிட்டால் ஆண்டுதோறும் நிவாரணச் சட்டம் போடுவார்கள்' என்று இறங்கி வருகிறார்கள். 2014இல் ஆண்டுக்குச் சுமார் 500 கோடி டாலர் நேரடி மானியத்தை நிறுத்திவிட்டுக் காப்பீட்டை விரிவாக்கியபோதும் இந்த வாதம்தான் பேசப்பட்டது. ஆனால் 2018, 2019இல் சீனாவோடு வர்த்தகச் சண்டை வந்தபோது, காப்பீடு முழுவதுமாக இருந்தும், விவசாயிகளுக்குத் தனியாக 2,000 கோடி டாலருக்கு மேல் கொடுத்தார்கள். காப்பீடு நிவாரணத்தைத் தடுக்கவில்லை. இரண்டும் சேர்ந்தே வந்தன.

சிறு விவசாயி பற்றிக் கேட்டிருந்தீர்கள். பிரீமியம் மானியம் பயிரின் மதிப்பைப் பின்தொடர்கிறது. நிலம் அதிகம் உள்ளவருக்கு அதிகம். மற்ற மானியங்களுக்கு ஏதோ ஓர் உச்சவரம்பாவது உண்டு, இதற்குத் தொகை வரம்பும் இல்லை, வருமான வரம்பும் இல்லை. அமெரிக்க விவசாய நிலத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் குத்தகையில் இருக்கிறது. மானியம் நிச்சயம் என்று தெரிந்தால் நிலச் சொந்தக்காரர் குத்தகையை ஏற்றிவிடுவார். ஆக, புதிதாக வரும் இளம் குத்தகைதாரருக்கு உதவ வந்த பணமே அவருக்குக் கூடுதல் செலவாகிறது.

நியூசிலாந்து 1984இல் மானியங்களை வெட்டியதை லிபர்டேரியன்கள் உதாரணம் காட்டுவார்கள். பெருவாரியான பண்ணைகள் அழியும் என்ற அச்சம் பலிக்கவில்லை என்பது உண்மை. ஆனால் அங்கே ஆட்டுக்கும் மாட்டுக்கும் புல் மேய்ச்சல்தான் பிரதானம், பயிர்க் காப்பீட்டுக்கு அது நேரான ஒப்பீடு அல்ல. அதோடு இறக்குமதித் தடைகளையும் தளர்த்தியதால் விவசாயியின் செலவும் இறங்கியது. மானியத்தை மட்டும் வெட்டி, உரத்துக்கும் எஃகுக்கும் சுங்க வரியை அப்படியே வைத்திருக்கும் அமெரிக்கத் திட்டம் எதையாவது யாராவது உங்களிடம் நியூசிலாந்து வழி என்று காட்டினால், நம்பாதீர்கள்.